எங்கள் வீட்டுக்குள் வந்த ஒகேனக்கல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், பாதியை மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போவார்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் பஸ் கண்டக்டராக நின்று தொண்டை கட்டக் கூவினேன். எழுதச் சொன்னவர்கள் உங்களுக்குப் பெருமையாக இருந்ததை எழுதுங்கள் என்றார்கள். எனக்கு முதலில் மனதில் வந்தது அந்த நாள்தான்.

நான் இருப்பது பாலக்கோட்டில், தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் ஒன்று. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சிமெண்டுத் தரை. விடிவதற்கு முன்பே ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி பஸ்கள் வந்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவர்கள் திரும்பும் வரைக்கும் அவர்களுடைய பிள்ளைகள் என் வீட்டில் இருப்பார்கள். எனக்குச் சொந்தத்தில் பேரப்பிள்ளைகள் கிடையாது. ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் நான் ஆயாதான்.

அப்போது என்னிடம் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பா. எதிர் வீட்டு அண்ணனும் தங்கையும். தக்காளி மண்டியில் மூட்டை, பெட்டி இறக்குகிறவரின் பையன். இவன் கொஞ்சம் குண்டு, எதைப் பார்த்தாலும் தின்ன முடியுமா என்றுதான் முதலில் கேட்பான். எதிர் வீட்டம்மா கன்னடம் பேசுகிறவர்கள். அவர்கள் மட்டும் கம்பெனிக்குப் போவதில்லை. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார்கள், தைக்கிற நேரத்தில் பிள்ளைகளை என்னிடம் விடுவார்கள். என்னை அவர்கள் பாஷையில் அஜ்ஜி, அதாவது பாட்டி என்பார்கள். நான் ஒரு வார்த்தை பேசினால் அவர்கள் பத்து வார்த்தை பேசுவார்கள், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஐந்து வயது முடிகிற பிறந்தநாள் வந்தது. அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், வடக்கே போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அம்மா துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெண் பொங்கல் சமயத்திலேயே பாப்பாவிடம், "ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறன், பரிசல்ல சுத்தலாம்" என்று சொல்லியிருந்தாள். அப்போது கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. கோடையில் போகலாம் என்றாள். கிளம்புகிற அன்று அவளுக்கே காய்ச்சல் கண்டுவிட்டது. பிறந்தநாளுக்குக் கட்டாயம் என்றாள். பாப்பா தெருவில் போகிற நாய்க்குட்டியிடம்கூட அதைச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்து கர்நாடகாவில் மழை. அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒகேனக்கல்லில் குளிக்கக்கூடாது, பரிசல் ஓட்டக்கூடாது என்று டிவியில் ஓடியது. பாறையெல்லாம் மூழ்கிப்போய்ச் செந்நிறமாக ஆறு பாய்வதைக் காட்டினார்கள்.

பாப்பாவின் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்குவமாகத்தான் சொன்னாள். பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். மடியிலிருந்து இறங்கி, "நீ எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது அவளுக்கு. அம்மா எதைச் சொன்னாலும், "நெசமா?" என்பாள். "வா கண்ணு, தலை வாரி விடறன்." "நெசமா?" "தோசை சுட்டிருக்கன்." "நெசமா?" அதோடு விடுவதும் இல்லை. அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "ஆயா, அம்மா சொல்றது நெசமா?" என்று கேட்பாள். நான் ஆமாம் என்றால்தான் நகர்வாள்.

அந்தப் பெண் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஆயா, அடிச்சாக்கூட மறந்துடும் குழந்தைங்க. இது என் பேச்சையே நம்ப மாட்டேங்குதுங்க. தோசை சுட்டன்னு சொன்னா உங்களைக் கேக்குது. நான் என்னாங்க பண்ணுவன்?"

எதிர் வீட்டம்மா தையலை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "பெரிய கேக் வாங்கி, பலூன் கட்டி, பாட்டுப் போட்டா மறந்துடும்மா" என்றார்கள்.

"அதுக்கெல்லாம் எங்கிட்ட ஏதுங்கக்கா? அவங்கப்பா வர்ற வரைக்கும் இருக்கிறதை வெச்சு ஓட்டணும்."

அப்போது நான் பேசினேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"ஒகேனக்கலை இங்கயே, வூட்டுக்குள்ளயே கொண்டாந்துடலாம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 

"ஏன் அஜ்ஜி, ஆத்தைச் சுருட்டி இடுப்புல செருகிக்கிட்டு வருவீங்களா?" என்று எதிர் வீட்டம்மா சிரித்தார்கள். ஆனால் பாப்பாவின் அம்மா சிரிக்கவில்லை. "எப்படிங்க ஆயா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்ட பிறகு எனக்கு ஓடிப் போக வழியில்லை.

நான் ஒகேனக்கல்லை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அங்கே என்னென்ன இருக்கும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பஸ்ஸில் போவோம். தொங்கு பாலம் ஆடும். மீன் வறுக்கிற வாசனை வரும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். அருவி விழும், சாரல் அடிக்கும். பரிசல் சுற்றும். இவ்வளவையும் என் ஒற்றை அறைக்குள் கொண்டுவர வேண்டும். வெளியே வைத்துக்கொள்ளவும் முடியாது, தெருவெல்லாம் மழைச் சேறு. கடையிலும் எதுவும் வாங்கக்கூடாது, வீட்டில் இருப்பதே போதும் என்று முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டில் இருக்கிற சாமான்களை நான் அதுவரை சாமான்களாகத்தான் பார்த்திருந்தேன். பிறந்தநாளுக்கு மிச்சமிருந்த அந்த இரண்டு நாள் வேறு மாதிரி பார்த்தேன். கயிற்றுக் கட்டில் இருக்கிறதே, அதன் மேல் பிள்ளைகள் நடந்தால் தள்ளாடும், அதுதான் தொங்கு பாலம். பரணில் கிடந்த பழைய வெள்ளை வேட்டியை மேலிருந்து தொங்கவிட்டால் அருவி. என்னுடைய நீலச் சேலை ஒன்று நைந்துபோயிருந்தது, அது ஆறு. வாழைக்காயைச் சாய்வாக நறுக்கி, மிளகாய்த்தூள் தடவி, தோசைக்கல்லில் வறுத்தால் பார்வைக்கு மீன் துண்டு மாதிரியே இருக்கும். தேதி கிழித்த காலண்டர்த் தாள்களை நான் அடுப்புப் பற்றவைக்கச் சேர்த்து வைப்பேன். அவை பஸ் டிக்கெட்.

பஸ்ஸுக்கு மண்டியிலிருந்து பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டிகளைக் குண்டுப் பையனின் அப்பா கொடுத்தனுப்பினார். அழுகின தக்காளி ஒட்டிக் கிடந்ததைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துப் போட்டேன். பரிசலுக்கு எதிர் வீட்டம்மா தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய வட்ட மூங்கில் கூடையைத் தந்தார்கள். கூடை தரையில் நகராதே என்றேன். அவர்களே ஒரு சாக்கை விரித்து அதன் மேல் கூடையை வைத்து, சாக்கின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்கள். சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. "பாத்தீங்களா அஜ்ஜி, நான்தான் பரிசல் துறை முதலாளி" என்றார்கள்.

கேக்குக்கு என்ன செய்வது என்று மட்டும் தகராறு வந்தது. நான் களி கிண்டலாம் என்றேன். கேழ்வரகுக் களியைச் சட்டியில் அமுக்கிக் கவிழ்த்தால் பாறை மாதிரி நிற்கும். அதன் மேலிருந்து வெல்லப் பாகை ஊற்றினால் வழிந்து இறங்கும். களி சுடச் சுட ஆவி பறக்கும். அருவி, பாறை, புகை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

"களி உங்களுக்கு வேணாம் அஜ்ஜி, நான் கிண்டறேன். களிய நாங்க முத்தேன்னுவோம், அதைக் கிண்டறதுல எங்க கை வேற."

"எங்க களியும் ஒண்ணும் கட்டி தட்டாதுங்க."

"போன வாரம் குடுத்தீங்களே, அதுல நடுவுல மாவு இருந்துச்சு."

"ஒரே ஒரு இடத்துல."

"அந்த இடந்தான் எனக்கு வந்துச்சு."

களி அவர்கள் கைக்குப் போனது. சாரல் என் கைக்கு வந்தது. சின்ன வயதில் நாங்கள் பப்பாளி இலைக் காம்பை வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதுவோம். குமிழ் குமிழாகப் பறக்கும். வேட்டி அருவிக்கு முன்னால் பிள்ளைகள் நின்று அப்படி ஊதினால் சாரல் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பின்பக்கத்து மரத்தில் பப்பாளிக் காம்புக்குப் பஞ்சமில்லை. துணி சோப்பைச் சீவிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் இரண்டு விதத் தண்ணீர். ஒன்று போர் தண்ணீர், எப்போதும் வரும், உப்பு. குளிக்க, துவைக்க அது. இன்னொன்று ஒகேனக்கல் தண்ணீர். சில நாட்களுக்கு ஒரு முறைதான் குழாயில் விடுவார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அது. பிடித்து மூடி வைத்து, சொட்டுச் சிந்தாமல் எடுப்போம். அந்த வாரம் தண்ணீர் விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. என் வீட்டில் ஒரு குடம்தான் மிச்சம். விளையாடுகிற சோப்புத் தண்ணீருக்கு அதை எடுக்க எனக்கு மனம் வருமா? போர் தண்ணீரில் சோப்பைப் போட்டு வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒகேனக்கல் இல்லை என்று ஆனதும், அப்புறம் லீவு எதற்கு என்று கம்பெனியில் அன்று வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பாப்பாவின் அம்மா போக வேண்டியதாகிவிட்டது. கிளம்பும்போது, "மூணு மணிக்கு வந்துடுவன் கண்ணு" என்றாள்.

"நெசமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கே உள்ளுக்குள் பயம். கம்பெனி பஸ் யார் கையில் இருக்கிறது?

மூன்று மணி ஆயிற்று, அவள் வரவில்லை. பிள்ளைகள் புதுச்சட்டையோடு வந்து வாசலில் நின்றார்கள்.  பாப்பா தெரு முனையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். இனியும் நிறுத்திவைத்தால் அந்த முகம் சுருங்கிவிடும் என்று தெரிந்தது. எதிர் வீட்டம்மா என் அடுப்பில் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் கண்டக்டராக நிற்பார்கள். எப்படித்தான் எனக்குத் தைரியம் வந்ததோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூவினேன்.

"பாப்பாரப்பட்டி, பென்னாகரம், ஒகேனக்கல்! ஏறு, ஏறு, ஏறு! வண்டி எடுக்கப் போவுது!"

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து தக்காளிப் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் வேண்டும் என்று எதிர் வீட்டு அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல்.

"டிக்கெட், டிக்கெட்."

"கண்டக்டர் ஆயா, எங்கிட்ட பஸ் பாஸ் இருக்குது" என்றான் எதிர் வீட்டுப் பையன்.

"காட்டு."

"வூட்ல இருக்குது."

"அப்ப வூட்லயே எறங்கிக்கோ."

இவ்வளவு வாய் எனக்கு எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து எதிர் வீட்டம்மா, "அஜ்ஜி, நீங்களா பேசறது?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

குண்டுப் பையன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தின்னலாமா?" என்று கேட்டான்.

பாப்பா முதல் பெட்டியில் டிரைவராக உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மேட்டில் ஏறும்போது எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். வளைவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒகேனக்கல் வந்ததும் நான் விசிலடித்தேன். விசில் வரவில்லை, காற்றுதான் வந்தது, ஆனாலும் இறங்கினார்கள்.

இறங்கினதும் எண்ணெய் தேய்க்கிற இடம். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, ஒருவர் கையை ஒருவர் தேய்த்துவிட வேண்டும் என்றேன். குண்டுப் பையன் எதிர் வீட்டுத் தங்கையின் முழங்கையைப் பிடித்து அப்படி ஒரு தேய்ப்புத் தேய்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா அழுத்துப்பா" என்றாள். பிறகு கட்டில் பாலம். கீழே ஆற்றில் முதலை இருக்கிறது என்று பாப்பாவே சொல்லிக்கொண்டு, கையை விரித்து, மூச்சைப் பிடித்து நடந்தாள். கட்டில் கயிறு ஆடின ஆட்டத்தில் நான்கு பேரும் கத்தினார்கள். மீன் கடைக்குப் போனபோது வாழைக்காயைக் கடித்துப் பார்த்து, "முள்ளே இல்லாத மீனு" என்றான் குண்டுப் பையன், இன்னும் ரெண்டு கேட்டான்.

பாப்பா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதெல்லாம் நான் செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அருவி. வேட்டிக்கு முன்னால் நான்கு பேரையும் நிறுத்தி, ஆளுக்கொரு பப்பாளிக் காம்பு கொடுத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை நடுவில் வைத்தேன். "ஊதுங்க, சாரல் வரும்" என்றேன். ஊதினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முக்கி ஊதினார்கள். காம்பின் முனையில் அழுக்காய் ஒரு சொட்டுத் தொங்கியது, அவ்வளவுதான். கிண்ணத்துக்குள் பார்த்தேன். சோப்பு திரிந்துபோய்ப் பால் ஏடு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அதே உப்புத் தண்ணீரில்தான் துவைக்கிறேன், நுரை வரவில்லை என்று தினமும் திட்டுகிறேன். அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

எதிர் வீட்டுப் பையன் கிண்ணத்தைக் குலுக்கினான். பாப்பா காம்பைக் கீழே போட்டாள்.

"பொய் அருவி" என்றாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மா சொன்ன ஒகேனக்கல் மாதிரியே."

நான் திரும்பினேன். வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை, செருப்பெல்லாம் சேறு. தெரு முனையிலிருந்து ஓடிவந்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பாப்பா சொன்னதைக் கேட்டுவிட்டாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சமையல் மூலைக்குப் போய், மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறொரு சுத்தமான கிண்ணத்தில் சாய்த்தேன்.

"அஜ்ஜி, அது குடிக்கிற தண்ணி!" என்று எதிர் வீட்டம்மா களிக் கரண்டியோடு ஓடிவந்தார்கள். "நாளைக்கு என்னா பண்ணுவீங்க?"

"நாளைக்கு உங்க வூட்ல கேப்பன்."

மிச்சமிருந்த சோப்புச் சீவலைப் போட்டுக் கலக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை பொங்கியது. எதிர் வீட்டுத் தங்கை முதலில் ஊதினாள். ஒரு பெரிய குமிழ் உருண்டு திரண்டு வெளியே வந்து, வேட்டிக்கு மேலே ஏறிப் போயிற்று. அதைத் தொடர்ந்து ஒன்று, இன்னொன்று. குண்டுப் பையன் ஊதின ஊதலில் சின்னச் சின்னதாக ஒரு கூட்டமே கிளம்பியது. ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. என் அறை அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாப்பா ஊதவில்லை. இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல வரலை. அதுல மட்டும் எப்படி வருது?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் இருந்து அவள் அம்மா சொன்னாள்:

"அது ஒகேனக்கல் தண்ணி கண்ணு."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். நாங்களும் தினம் சொல்கிறோம். ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சா, ஒகேனக்கல் தண்ணி பிடிச்சீங்களா என்று. உப்புத் தண்ணி, சுடு தண்ணி மாதிரி அது ஒரு தண்ணீரின் பெயர், அவ்வளவுதான். அங்கேயிருந்து வருகிறது என்று நானேகூட அந்த இரண்டு நாளில் ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை. வேட்டியையும் சேலையையும் கட்டி ஆறு செய்துகொண்டிருந்தேன், ஆறு என் வீட்டுக் குடத்துக்குள் மூடிக் கிடந்தது. அது அந்தப் பெண்ணுக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றியது.

"அந்த ஒகேனக்கல்லா? டிவியில வந்துச்சே, அதா?"

"அதேதான்."

"நெசமா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள்.

அன்று நான் செய்ததிலேயே எனக்கு அதிகப் பெருமை இதில்தான். நான் தலையாட்டவில்லை. "எனக்கென்னா தெரியும்? அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

அவள் அம்மா உள்ளே வந்து, நீலச் சேலை ஆற்றின் மேலேயே உட்கார்ந்தாள். "அங்க ஆத்துல இருந்து தண்ணிய எடுப்பாங்க. சுத்தம் பண்ணுவாங்க. இம்மாம் பெரிய குழாயில மேட்டு மேல ஏத்தி, பென்னாகரம் தாண்டி, நம்ம ஊரு டேங்குக்கு அனுப்புவாங்க. அங்கயிருந்து நம்ம தெருக் குழாய்க்கு வரும். ஆயா புடிச்சு வெச்சாங்க. உனக்கு ஊத்தினாங்க."

"இவ்ளோ தூரமா?"

"இவ்ளோ தூரந்தான்."

பாப்பா நம்பிவிடவில்லை. கீழே போட்ட காம்பை எடுத்தாள். போர் தண்ணீரில் முக்கி ஊதினாள், வரவில்லை. காம்பைப் பாவாடையில் துடைத்தாள். ஒகேனக்கல் தண்ணீரில் முக்கி ஊதினாள். குமிழ் வந்தது. மறுபடியும் அதில் ஒரு முறை, இதில் ஒரு முறை. மற்ற பிள்ளைகள் ஊதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். எதிர் வீட்டம்மாகூடப் பேசவில்லை, அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக அவள் கிண்ணத்துக்குள் கையை விட்டு, ஈரக் கையோடு போய் அம்மாவின் கன்னம் இரண்டிலும் வைத்தாள்.

"சாரல்" என்றாள்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். முகமெல்லாம் சோப்பு நுரை.

அப்புறம் பரிசல். பாப்பா கூடையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் எதிர் வீட்டுத் தங்கையையும் உட்கார வைத்துக்கொண்டாள். நான் சாக்கைப் பிடிக்கப் போனேன். "ஆயா வேணாம், அம்மா ஓட்டட்டும்" என்றாள். காலையிலிருந்து நின்று வேலை செய்துவிட்டு வந்தவள், சாக்கு நுனியைப் பிடித்துக்கொண்டு அந்த அறையைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். கூடை சுழன்றது. "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று உள்ளிருந்து கூச்சல். குண்டுப் பையன் முறை வந்தபோது மூன்று பெரியவர்களும் சேர்ந்து இழுத்தோம். கூடை ஓர் அடி நகர்ந்து நின்றுவிட்டது. "தண்ணி கம்மியா இருக்குது, பரிசல் தட்டுது" என்று அவனே இறங்கிக்கொண்டான்.

களியைக் கவிழ்த்தபோது ஆவி குபுகுபுவென்று எழும்பியது. "பாத்தீங்களா, எங்க பாஷையில ஹொகேன்னா புகை, கல்லுன்னா கல்லுதான். பேரே இதுதான்" என்று எதிர் வீட்டம்மா களிக்கும் ஊருக்கும் சேர்த்துப் பெருமை அடித்துக்கொண்டார்கள். அவர்கள் களி வழவழவென்றுதான் இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். "இது களிதானே?" என்று குண்டுப் பையன் ஏமாற்றமாகக் கேட்டான். வெல்லப் பாகு மேலேயிருந்து வழிந்து இறங்கினதும் வாயை மூடிக்கொண்டான். கத்தி ஒட்டிக்கொண்டு வெட்ட வரவில்லை. பாப்பா கையாலேயே பாறையைப் பிய்த்து, முதல் துண்டை அம்மா வாயில் வைத்தாள்.

பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் அம்மா பாகு ஒட்டின வாயைத் துடைத்துவிட்டபடி, கொஞ்சம் தயங்கித் தயங்கி, "ஆத்துல தண்ணி வடியட்டும் கண்ணு. நெசப் பரிசல்லயே கூட்டிட்டுப் போறன்" என்றாள்.

மறுபடியும் சொல்லிவிட்டாளே என்று நான் பாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். எதிர் வீட்டம்மாவும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாப்பா விரலை நக்கி முடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்து, "தண்ணி எப்ப வடியும்?" என்று கேட்டாள்.

"பத்து நாள் ஆவும்."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.

அந்தப் பெண் எழுந்து சமையல் மூலைக்குப் போய், பாத்திரம் எடுக்கிறவள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் முதுகில் கையை வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதிவிட்டேன். அது ஆடி கடைசியா ஆவணியா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பரிசலில் பாப்பாவோடு முதலில் ஏறியது தங்கையா, அண்ணனா என்பதும் நிச்சயமில்லை. குழாய் எந்த ஊர் வழியாக வருகிறது என்று அந்தப் பெண் சொன்னதை நான் சரியாக எழுதினேனா என்றும் தெரியவில்லை. எதிர் வீட்டம்மா எல்லாவற்றுக்கும் கூடவே இருந்தார்கள். அவர்கள் ஒரு தடவை இதைப் படித்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும். களியைப் பற்றி எழுதியதை மட்டும் அவர்கள் இன்னும் பெருமையாகக் கூட்டி எழுதிவிடாமல் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.